கவணியில் விழுந்த பால்

பாறசாலை,
18.8.1996

அன்புள்ள மாமிக்கு,

ஜித்தினுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: மாமி, பிள்ளையை நிமிர்த்திப் பிடியுங்கள்.

மூன்று மாதப் பிள்ளைக்கு எவ்வளவு எரிகிறது என்று சொல்லத் தெரியாது, நாம்தான் பார்த்து அளக்க வேண்டும் என்றார் நெய்யாற்றின்கரை டாக்டர். கக்கும்போது அழுகிறானா, முதுகை வில்லாக வளைக்கிறானா, பசித்தும் பாலை விட்டு முகம் திருப்புகிறானா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வயிற்றுப் புளிப்பு மேலே ஏறித் தொண்டையைச் சுடுகிறது, பால் குடித்ததும் படுக்க வைக்காதீர்கள் என்று சொல்லி மருந்தும் தந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நீங்கள் சிரித்தீர்கள். பாலு கக்காத பிள்ளை எங்க உண்டு, அவனுக்கு ஒண்ணுமில்ல, பெத்த தள்ளைக்காக்கும் நோவு, புஸ்தகம் வாசிச்சு வாசிச்சு இவளுக்க பாலும் புளிச்சுப் போச்சு என்று பெண்கள் சங்கத்தில் சொன்னீர்கள். சுகுமாரி அக்காவும் சேர்ந்து சிரித்தாராம். மருந்தை வாழை மூட்டில் கொட்டினீர்கள். உங்கள் மகன் செய்தித்தாளிலிருந்து தலை தூக்கவில்லை.

அன்று ஆராதனையில் அழக்கூடாதென்று வயிறு முட்டப் பால் கொடுக்கச் சொன்னீர்கள். பேரனை அப்பாவின் அம்மாதான் கொண்டுபோக வேண்டும் என்பது உங்கள் குடும்ப முறை. தோளில் சாய்த்தால் மேலே போட்டிருக்கும் புதுக் கவணித் துணி கசங்கும் என்று மடியில் மலர்த்திப் போட்டீர்கள். நான் பின் பெஞ்சில் இருந்தேன். அவன் கழுத்தைத் திருப்பினான். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை.

போதகர் கை நீட்டியபோது வில்லாக வளைந்து அலறினான். மூக்கிலும் வாயிலும் வந்ததெல்லாம் கவணியில். பிள்ளைய ஆசுத்திரில காட்டல்லியா மாமி என்று சபை முழுக்கக் கேட்கும்படி கேட்டது அதே சுகுமாரி அக்காதான். நீங்கள் தலை குனிந்து கவணியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அந்தக் குனிந்த தலையை இன்னமும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், இனிக்கிறது. கூடவே அவன் அலறலும் வருகிறது. அதையும் உங்கள் பேரில்தான் வைத்திருக்கிறேன்.

அம்மா வீட்டுக்குப் போனவள் எப்போது திரும்புவாள் என்று இங்கே வந்த ஈசாக் அண்ணனிடம் கேட்டனுப்பினீர்கள். நான் வருவதாக இல்லை. வேறு மருந்து வாங்கினோம். இப்போது பால் குடித்துவிட்டு உறங்குகிறான். பேரனைப் பார்க்க நீங்கள் வாருங்கள், உங்கள் கையில் தருவேன். நிமிர்த்திப் பிடியுங்கள். கர்த்தர் உங்கள் கைகளைப் பலப்படுத்தட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
ஜினி

பி.கு. அன்று கிளம்பும் முன் கவணியை நான்தான் அலசிக் காயப்போட்டேன். கறை போகவில்லை.