கரை வைத்த கப்பல்

அடியே,

இன்று உன் புடவையைக் கட்டிக்கொண்டுதான் கடைக்குப் போனேன். அதே சாம்பல் பட்டு. பூவில்லை, புட்டா இல்லை, கரையும் இல்லை. காந்தி ரோட்டில் பட்டுக் கடையில் புடவை விற்கிறவள் இப்படி வந்து நின்றால், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து வெறும் தயிர் சாதம் கேட்கிற ஆளைப் பார்ப்பதுபோல்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பார்த்தார்கள்.

மத்தியானம் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று நான் விரித்துப் போட்ட எதையும் தொடவில்லை. என் தோளைக் காட்டி, "அக்கா, நீங்க கட்டியிருக்கீங்களே, அந்த மாதிரி ஒண்ணு எடுங்க. அது என்ன கலர்?" என்றாள்.

"போர்க்கப்பல் கலர்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் விழித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதிருந்து இந்த மடலை மனதில் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

உன்னை முதலில் சிரித்து அழவைத்தவள் நான்தான். அதை நீ எப்போதும் மறந்ததில்லை, நானும் மறந்ததில்லை. எட்டாம் வகுப்புப் பேச்சுப் போட்டி. ஏனாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற நீ, எண்ணெய் வழிய வாரிய இரட்டைப் பின்னலோடு மேடை ஏறினாய். "தலைமை ஆசிரியை அவர்களே" என்றாய். நிறுத்தினாய். மறுபடி "தலைமை ஆசிரியை அவர்களே" என்றாய். மூன்றாம் தடவையும் அதையே சொன்னபோது முதல் வரிசையில் இருந்த நான் வெடித்துச் சிரித்துவிட்டேன். என் சிரிப்பு உனக்குத் தெரியும், தெருமுனையில் நிற்கிற மாடு திரும்பிப் பார்க்கும். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நீ மேடையின் பின்பக்கம் குதித்து ஓடிப் போனாய். அதற்குப் பிறகு நாலு பேர் சேர்ந்து நிற்கிற இடத்தில் நீ வாயைத் திறந்ததில்லை.

"உன் சிரிப்புதான்டி என்னக் கப்பல் கட்டவே அனுப்பிச்சிது. கோடு போடற வேலைக்கு வாய் எதுக்கு?" என்பாய் பிற்பாடு. காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்பார்கள். நீ காஞ்சிபுரத்தை விட்டுப் போய்க் கோடு போட்டுப் பிழைத்தாய். கடற்படைக்குக் கப்பல் கட்டுகிற தளத்தில் வரைபடப் பிரிவு. பெரிய பெரிய நாசகாரிக் கப்பல்களில் உனக்கு வந்த பங்கு கதவு. மூடினால் கதவு இருப்பதே தெரியக்கூடாத கதவு. அதையே வருஷக்கணக்கில் வரைந்திருக்கிறாய்.

ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய கொஞ்ச நாளில், கையில் ஒரு கடிதத்தோடு கடைக்கு வந்தாய். நம் பள்ளிக்கூடத்தில் உன்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அதே மண்டபம், அதே மேடை. தலைப்பு, எதிரிக்குத் தெரியாமல் ஒளியும் நவீனப் போர்க்கப்பல்கள்.

"போவாத" என்றேன், உன் முகத்தைப் பார்த்துவிட்டு.

"போவணும்டி. இந்த ஒரு வாட்டி அந்த மேடையில நின்னு பேசிட்டு எறங்கிட்டா போதும். இல்லன்னா சாவற வரைக்கும் அந்தப் பின்பக்கம் குதிச்சி ஓடறதுதான் கனவுல வரும்" என்றாய். "நீ ஒரு நாளைக்கு அம்பது பேருகிட்ட பேசறவ. எனக்குப் பேசக் கத்துக்குடு."

நான் என்ன கற்றுக்கொடுப்பது? எதிரில் இருப்பவர் கையில் என்ன இருக்கிறதோ அதை வைத்துப் பேச வேண்டும், அவ்வளவுதான் என் வித்தை. வாடிக்கையாளர் இல்லாத பிற்பகல்களில் உன்னைப் புடவைக் கட்டுகளுக்கு நடுவில் உட்காரவைத்து, "எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றேன்.

"எந்தக் கப்பலையும் எடுத்த எடுப்புல ரேடார் புடிச்சிடும்" என்று ஆரம்பித்தாய்.

"அவ்ளோ பெரிய கப்பல மறைக்கப் போறியா? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கற கதையா இருக்குது."

நீ கோபித்துக்கொள்ளவில்லை. பென்சிலை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டாய்.

பள்ளிக்கூடச் சுவரில் பந்தடித்தோமே, அதை நினைவூட்டினாய். நேரான சுவரில் எறிந்தால் பந்து நம் கைக்கே வரும். சாய்ந்த சுவரில் எறிந்தால் வேறு எங்கோ போகும். ரேடார் எறிகிற அலையும் அப்படித்தான். அதனால் இந்தக் கப்பல்களில் நெட்டுக்குத்தான சுவரே கிடையாது, எல்லாம் சாய்வு. இரண்டு சுவர் நேர்மூலையாகச் சேர்ந்தால் அலை நேரே வந்த வழியே திரும்பிவிடும், அதனால் அந்த மூலையும் கிடையாது. எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மயில்கழுத்துப் புடவையை எடுத்து உன் முன்னால் விரித்தேன். இந்தப் பக்கம் நின்றால் பச்சை, அந்தப் பக்கம் போனால் நீலம். "எங்க நின்னு பாக்கறோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்குது, இல்ல?" என்றேன். நீ அந்தப் புடவையையே பார்த்துக்கொண்டு இருந்தாய்.

உன் கதவுக்கு நான் சொன்ன உவமை கோர்வை. உடலையும் கரையையும் தனித்தனியே நெய்து, சேர்ந்த இடம் தெரியாமல் கோர்க்கிறார்களே, அது. புகைபோக்கியில் போகிற சூடுகூட எதிரிக்குத் தெரிந்துவிடுமாம். அதில் குளிர்ந்த காற்றைக் கலந்து ஆற்றி அனுப்புவார்கள் என்றாய். "காபி ஆத்தற மாதிரியா?" என்றேன். "அதேதான்" என்றாய். தண்ணீருக்கு அடியில் நீர்மூழ்கி காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும், அதற்காகக் கப்பலின் இயந்திரங்களை ரப்பர் மேல் உட்காரவைப்பார்கள், அதிர்வு கடலுக்குப் போகாது. ரொம்பவும் மறைய வேண்டுமென்றால் கப்பல் தன் ரேடாரையே அணைத்துவிட்டு, காதை மட்டும் திறந்துகொண்டு போகும்.

"உன்ன மாதிரி சிரிக்கற கப்பல் ஒண்ணு கடல்ல இருந்தா, பத்து நாட்டுக்காரனும் படுத்துக்கினே கண்டுபுடிச்சிடுவான்" என்றாய்.

"இவ்ளோ ஒளிஞ்சிக்கினு இருக்கறத்துக்கு வீட்டுலயே இருக்கலாமே?"

அப்போதுதான் உன் குரல் மாறியது. பயந்து ஒளிவதில்லை என்றாய். ஏவுகணைகளை மேலே வைக்காமல், கப்பலின் மேல்தளத்துக்குக் கீழே கிணறு கிணறாக அறைகள் செய்து நிற்கவைத்திருப்பார்கள், வெளியே மூடி மட்டும்தான் தெரியும். பழைய ரேடார் சுற்றிச் சுற்றிப் பார்க்கும், இப்போது நாலு பக்கமும் தட்டையான பலகைகளைப் பதித்துவிடுகிறார்கள், சுற்றாமலே பார்க்கும். வானத்தில் வருவது, தண்ணீர் மேல் வருவது, தண்ணீருக்கு அடியில் வருவது, மூன்றையும் கப்பல் ஒரே நேரத்தில் கவனிக்கும். "எத்தன தூரம் பாக்கும்?" என்று கேட்டேன். "புஸ்தகத்துல போட்டிருக்கறதத்தான் சொல்லுவேன். அதுக்கு மேல கேட்டா வாயத் தொறக்க மாட்டேன்" என்றாய். என்னிடம்கூடச் சொல்லாத ரகசியம் உன்னிடம் இருந்தது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

மேடைக்குச் சாம்பல் நிறத்தில் ஜரிகையில்லாத பட்டு கேட்டாய். "ஆள் பாதி ஆடை பாதி. சபைக்குப் போறவ மொட்டையாவா போவ?" என்று திட்டி, ஒரு சாண் ஜரிகை போட்ட அரக்குப் புடவையை உன் தலையில் கட்டினேன். அதோடு நின்றிருக்கலாம்.

எங்கள் கடைப் புடவைப் பெட்டிகளை வெட்டி நீ ஒரு கப்பல் செய்திருந்தாய். கை நீளம் இருக்கும். சாய்ந்த சுவர்கள், மூடிய கொடிமரம், மேலே பளபளவென்று சாம்பல் எனாமல். பக்கத்தில் வைத்து ஒப்பிட, நேர்ச் சுவர் வைத்து ஒரு சாதாரணக் கப்பல். மண்டபத்தை இருட்டாக்கி இரண்டின் மேலும் டார்ச் அடித்துக் காட்டப் போவதாகச் சொன்னாய். நீ பேப்பரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டு இருந்ததால், கப்பலைக் கொண்டுவருகிற பொறுப்பு என்னுடையது.

அன்று காலை வீட்டில் அதை மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க மனசு ஆறவில்லை. விதவைபோல என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகத் தறி. கரையில்லாத பொருளை எப்படிச் சபையில் வைப்பேன்? மிச்சம் கிடந்த ஜரிகைக் கரைத் துண்டை மெல்லிசாக நறுக்கி, கப்பலின் மேல் விளிம்பைச் சுற்றி அழகாக ஒட்டினேன். திடீரென்று பார்த்து நீ சந்தோஷப்படட்டும் என்று உன்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

மண்டபத்தில் இருநூறு பெண்களாவது இருப்பார்கள். நீ ஏறினாய். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறது எப்படின்னு இன்னைக்குச் சொல்லப் போறேன்" என்றாய். பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பந்து வந்தது, மயில்கழுத்து வந்தது, காபி வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர். ஜன்னல்களைச் சாத்திய பிறகுதான், நான் துணி போட்டு மூடிவைத்திருந்த கப்பல்களைத் திறந்தாய். சாதாரணக் கப்பல்மேல் டார்ச் அடித்தாய், வெளிச்சம் எல்லோர் கண்ணிலும் அடித்தது. "இப்போ நம்ம கப்பல். பாருங்க, ஒண்ணும் தெரியாது" என்று திருப்பினாய்.

கப்பல் தெரியவில்லைதான். கரை மட்டும் கல்யாணப் பெண்போல மின்னியது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் சிரிக்க நினைக்கவில்லை. அது வந்துவிட்டது, அதே பழைய சிரிப்பு. பின்னாலேயே மண்டபம் முழுக்க. டார்ச் வெளிச்சம் கப்பலை விட்டு விலகி இருட்டில் அலைந்தது. பாவி, இரண்டாவது தடவையும் கெடுத்துவிட்டேனே என்று புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

இருட்டில் உன் குரல் வந்தது. "தலைமை ஆசிரியை அவர்களே."

நின்றது.

"உங்க பள்ளிக்கூடத்துப் பழைய மாணவி ஒருத்தி, நம்ம கப்பல எதிரிக்குக் காட்டிக் குடுத்துட்டா."

அப்படி ஒரு சிரிப்பு அந்த மண்டபத்தில் அதற்கு முன் எழுந்திருக்காது. நீ காத்திருந்து, அடங்கியதும் பேசினாய். ஜரிகை உருண்டையான நூல், எந்தப் பக்கம் வெளிச்சம் பட்டாலும் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். அதனால்தான் அந்தக் கப்பல்களில் கைப்பிடிக் கம்பி, ஏணி, கயிறு என்று எதையும் முடிந்தவரை வெளியே விடுவதில்லை. ஒரு ஏணியை மறந்து வெளியே வைத்தால்கூட, எத்தனையோ பேர் பாடுபட்டுச் சாய்த்த சுவர் வீண். "கப்பலுக்குக் கரை வேணும்தான்மா. ஆனா போயிச் சேர்றத்துக்கு. ஒட்டிக்கறத்துக்கு இல்ல" என்றாய்.

கடைசியில் ஒரு பெண் எழுந்து, "மேடம், அப்போ கப்பல் காணாமலே போயிடுமா?" என்று கேட்டாள்.

"காணாமப் போவாதுமா. சின்னதாத் தெரியும். அவ்ளோ பெரிய கப்பல், அவன் திரையில மீன் புடிக்கற படகு மாதிரி ஒரு புள்ளி. படகுதானேன்னு விட்டுடுவான்."

கைதட்டல் முடிந்து, மேடையின் முன்பக்கப் படியில் நிதானமாக இறங்கி வந்தாய். ஒவ்வொரு படியாக. நான் எண்ணினேன், ஐந்து படி.

ஹோட்டலில் இட்லி சாப்பிடும்போது மன்னிப்புக் கேட்கப் போனேன். நீ கையை நீட்டித் தடுத்தாய். "அன்னைக்கு உன் சிரிப்பு கேட்டு ஓடனேன்டி. இன்னைக்கு வேர்த்துப் போயி நின்னுக்கினு இருந்தப்போ, இருட்டுல அது எங்கேருந்து வருதுன்னுதான் தேடனேன். நீ இருக்கற எடம் தெரிஞ்சப்பறம்தான் பேச்சே வந்திச்சி." பிறகு என் தட்டிலிருந்த சட்னியையும் எடுத்துக்கொண்டாய்.

அந்த வாரமே பிள்ளையார்பாளையத்தில் எங்கள் நெசவாளரிடம் சாம்பல் பட்டுக்குச் சொன்னேன். "கரை இன்னா கலர்மா?" "கரை இல்ல." "ஜரிகை?" "இல்ல." "யாருக்கும்மா, சாமியாருக்கா?" என்றார். எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, வாசல்வரை போனவள் திரும்பி வந்து, முந்தானை ஓரத்தில் ஒரே ஒரு இழை ஜரிகை மட்டும் விடச் சொன்னேன். என்னால் முடியவில்லை. நீ புடவையை விரித்த உடனே கண்டுபிடித்தாய். "இன்னாடி இது, ஏணிய எடுத்து வெக்க மறந்துட்டியா?"

போன கார்த்திகையில் நீ போனாய். ரெண்டே வாரப் படுக்கை. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. சத்தமில்லாமல் போகிற கப்பலாகவே கட்டிக் கட்டி, நீயும் அப்படியே போய்விட்டாய். காரியம் முடிந்ததும் உன் மகள் இந்தப் புடவையை என்னிடம் கொடுத்தாள். கப்பல் என் மேஜைமேல், கரையோடு இருக்கிறது. அந்தக் கரையைப் பிய்க்க நீ கடைசிவரை விடவில்லை.

இன்று அந்தச் சென்னைப் பெண்ணைக் கடை வாசலுக்குக் கூட்டிப் போனேன். பட்டின் நிறத்தை வெயிலில்தான் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். "ஜரிகையே இல்லைல்ல அக்கா?" என்றாள். "ஒரு பொட்டுக்கூட இல்லமா, நெய்ய வெச்சித் தரேன்" என்றேன். அவள் என் முந்தானையைப் பிடித்து இப்படி அப்படித் திருப்பினாள்.

"அக்கா, இங்க சின்னதா ஒண்ணு மின்னுதே."

சிரித்துவிட்டேன். எதிர்க்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி, தெருவில் போன ஆட்டோ வேகம் குறையும்படி. அந்தப் பெண் பயந்தே போனாள். போதும் என்று நிறுத்தப் போனவள், நீ எங்காவது நின்று தேடிக்கொண்டு இருப்பாயே என்று இன்னும் கொஞ்சம் உரக்கச் சிரித்தேன்.