மிகப் பெரிய எண்: 98

மார்ச் 4

முட்டி வலி குறைவு. கணினி நிரல் எழுதக் கற்றுத்தரும் புத்தகத்தில் ஆறாம் பாடம் தொடங்கினேன்: எழுத்துகளும் எழுத்துச்சரங்களும். உண்மையான வேலை ஒன்றில் பயன்படுத்தினால்தான் படித்தது மனதில் நிற்கும். ஆகவே திட்டம்:

1. மனைவியின் சர்க்கரைக் கருவியிலிருந்து நான்கு மாத அளவுகளைக் கணினியில் இறக்குவது.
2. அவற்றில் மிகப் பெரியதைக் கண்டுபிடிக்கும் நிரலை நானே எழுதுவது.
3. அவளிடம் எதுவும் சொல்லாமல் இருப்பது. பயந்துவிடுவாள்.
4. இருபதாம் தேதி டாக்டரிடம் காட்டுவது. மாத்திரையே போதுமா, ஊசி தொடங்க வேண்டுமா என்று அன்றுதான் சொல்வார்.

நான்காவதை எழுதிவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 6

எழுத்துகளை வரிசையாகக் கோத்தால் சரம். மேற்கோள் குறிக்குள் எதை வைத்தாலும் சரம்தான். என் பெயரை வைத்துத் தலைகீழாக்கினேன். கொம்பும் சுழியும் கழன்று தனியே நின்றன! நாம் ஒன்றென நினைக்கும் எழுத்தை அது இரண்டாக வைத்திருக்கிறது. நாற்பது வருடம் தாவரவியல் நடத்தியவன், இலைக்குக் காம்பு உண்டென்று இன்றுதான் பார்த்ததுபோல் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 9

கோப்பு வந்துவிட்டது. 231 வரிகள். படிக்கவில்லை. படிக்காமல் இருக்கத்தானே நிரல்? — இல்லை, உண்மையை எழுது. பார்க்கத் தைரியமில்லை.

அவள் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு விரலைக் குத்திப் பார்க்கிறாள். கேட்டால், "நல்லாத்தான் இருக்கு. நீங்க பேப்பர் படிங்க."

மார்ச் 11

ஓடியது! மிகப் பெரியது 98.

நூற்றைக்கூடத் தொடவில்லை. மூன்று முறை ஓட்டினேன். 98, 98, 98. அந்த வேகத்திலேயே மருத்துவமனைக்குப் போன் செய்து, இருபதாம் தேதி வரவில்லை, ஜூனில் வருகிறோம் என்றேன்.

"டாக்டர் சொன்னாரா சார்?" என்றாள் வரவேற்பறைப் பெண்.

கணினி சொன்னது என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். இவ்வளவு துணிச்சலாக நான் எதையுமே செய்ததில்லை.

மார்ச் 12

சும்மா இருக்க முடியாமல் மிகச் சிறியதையும் கேட்டேன். 102.

சிறியது, பெரியதைவிடப் பெரியது. எப்படி?

மார்ச் 13

காலையிலிருந்து சோதனைகள். எண்களை விட்டுவிட்டுச் சொற்களைக் கொடுத்துப் பார்த்தேன். எறும்பைவிட யானை பெரியது என்றது. நிம்மதி. யானையைவிட வண்டு பெரியது என்றது.

அவள் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"வண்டு பெருசா? நல்ல மெஷினா பாத்துத்தான் வாங்கியிருக்கீங்க."

மறைக்க நினைத்தேன். அதற்குள் பக்கத்துத் தாளில் நான் குறித்திருந்த 98-ஐயும் 102-ஐயும் பார்த்துவிட்டாள். மருத்துவமனைக் கோப்பறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள்.

"ஏங்க, இது புதுசா சேந்தவங்க ஃபைல் அடுக்குற மாதிரில்ல இருக்கு? முதல் எழுத்த மட்டும் பாப்பாங்க. ஒண்ணுல ஆரம்பிச்சா முன்னாடி, ஒம்பதுல ஆரம்பிச்சா கடைசி. 102 முன்னாடி போயிரும், 98 கடைசிக்குப் போயிரும். இதுக்கு அது நம்பர்னே தெரியலங்க."

தெரியவில்லைதான். கோப்பிலிருந்து வந்தவை அத்தனையும் சரங்கள். அகராதியில் பின்னால் வருவதைப் பெரியது என்கிறது, அளவைப் பார்க்கவில்லை. சரத்தை எண்ணாக மாற்றுவது ஏழாம் பாடம். நான் ஆறில் இருக்கிறேன். புரட்டிப் பார்த்து ஒரே ஒரு சொல் சேர்த்தேன். பொத்தானை அழுத்தும் முன் அவள் சொன்னாள்:

"இருநூத்தி எழுவத்தி ஒண்ணு வரும்."

வந்தது. 271.

"உனக்குத் தெரியுமா?"

"என் விரல்தானே?"

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க சாப்பிடாம மோட்டுவளையப் பாத்துக்கிட்டு ஒக்காருவீங்க. உங்கள யாரு பாத்துக்கிறது?"

போன் செய்ததையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். போனை எடுத்து என் கையில் வைத்தாள். "நீங்களே பேசுங்க."

மார்ச் 14

பழைய தேதி இன்னும் காலியாகத்தான் இருந்தது.

மார்ச் 20

ஊசி. டாக்டர் சொன்னபோது அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தான் விழாமலிருக்க அல்ல.

மார்ச் 22

இன்று காலை முதல் ஊசி. அவள் கதவைச் சாத்தவில்லை.

"பஞ்சு குடுங்க."

கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன்.

"முடிஞ்சிருச்சு. கண்ணத் தொறங்க. பஞ்சு கேட்டா கண்ணாடிக் கூட்டக் குடுக்குறீங்க."

சிரித்தோம். எனக்குத்தான் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"இன்னிக்குக் குத்திப் பாத்தது நூத்தி அறுபத்தி எட்டு. ஏத்திக்குங்க. நம்பராவே ஏத்துங்க."

ஏற்றினேன். பிறகு நான்காம் தேதித் திட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது தவறு. பயந்தவள் அவள் இல்லை.