கருப்பாயி சுருட்டை விட்ட வருஷம்

2006 பெப்ரவரி 12, ஞாயிறு

எவனும் நம்பாத ஒரு வரலாறு இந்தக் கொப்பியில் இன்று ஆரம்பமாகிறது. றக்வான மலைகள் அத்தனையும் சாட்சி. என் தங்கை கருப்பாயி சுருட்டை விடப்போகிறாள்.

அவள் பிறந்தபோது வாயில் சுருட்டு இல்லை என்பதையே நான் சந்தேகிக்கிறேன். அவள் விடும் புகைதான் மேல்மலையில் மேகமாகக் கூடுகிறது. ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் வந்து சுருட்டு இழுக்காமல் கிடந்தபோது தோட்டத்தில் மழையே இல்லை. தொரை ஆள் அனுப்பி நலம் விசாரித்தார்.

ஆனால் இருமல் விளையாட்டில்லை. கொழுந்துக் கூடையோடு மலை ஏறும்போது பாதியில் நின்று தேயிலைச் செடியைப் பிடித்துக்கொள்கிறாள். சுருட்டை விடாவிட்டால் நெஞ்சு தாங்காது என்று டிஸ்பென்சரி ஐயா சொல்லிவிட்டார்.

அவள் மகள் விஜயகலா, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்ப்பவள். டவுனிலிருந்து வரும் சுகாதார மிஸ்ஸோடு சேர்ந்து, சுருட்டுக் குடிக்கும் பொம்பளைகளைக் கூட்டி வைத்துப் பேசுகிறாள். இன்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, நான் சொன்னா அம்மா காதுல விழாது. நீங்க சொன்னா சண்டை புடிச்சாச்சும் கேக்கும்.”

பெக்டரி வாச்சர் ஐயாவு, அவளுக்குத் தாய்மாமன், நான் இந்தப் படையெடுப்புக்குச் சேனாதிபதியானேன்.

பெப்ரவரி 19

தொட்டில்களுக்கு நடுவே கூட்டம். மிஸ் சுவாசப்பை படம் காட்டினார். கருப்பாயியின் கூட்டாளி வெள்ளையம்மா எழுந்தாள்.

“சுருட்ட விடுறோம். அட்டை கடிச்சா எதால சுடுறது? நீங்களா வந்து புடுங்குவீங்க, மிஸ்?”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“வெடியக்காலம் ஒரு ரொட்டி. அப்புறம் ஒரு இழுப்பு இழுத்தாத்தான் பகல் வரைக்கும் வயிறு கேக்காம இருக்குது. அதுக்கு என்னா குடுப்பீங்க?”

மிஸ் படத்தையே மறுபடி தூக்கிக் காட்டினார். “புகை உள்ளே போகக் கூடாது, அதுதான் முக்கியம்” என்றார். கருப்பாயி அந்த ஒரு சொல்லை மடியில் முடிந்துகொண்டாள்.

மார்ச் 5

யுத்தம். இன்று என் மேல் எறியப்பட்டவை: செம்பு, விளக்குமாறு, பத்து வீட்டு லயம் ஒன்று முழுசாக.

சுருட்டு இல்லாமல் அவளுக்கு வேலையில் கை ஓடவில்லை. கொழுந்து நிறை குறைந்து கங்காணியிடம் ஏச்சு. பொழுது இறங்கியதும் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். கருப்பாயி அழுது நான் பார்த்ததில்லை.

“அண்ணே, வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. பைத்தியம் புடிக்குது.”

சேனாதிபதி யோசித்தான். ஸஹாப்தீன் நானா கடைக்கு நடந்தான். வெற்றிலை, பாக்கு, ஒரு துண்டுப் பொயிலை.

“இதுல புகை இல்லத்தானே?” என்று கேட்டாள்.

“ஒன் வாயில என்னா அடுப்பா இருக்கு, புகை வர்றதுக்கு?”

சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டாள். வெற்றி.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. கோயில் படியை நிற்காமல் ஏறினாள். நானும் விஜயகலாவும் பின்னால் மூச்சு வாங்கினோம். கோபுரத்துச் சாமிகள் எட்டிப் பார்த்ததை என் கண்ணால் கண்டேன்.

“பத்தினி வர்றா, வழிய விடுங்கடி” என்று வெள்ளையம்மா சுருட்டோடு கும்பிட்டாள்.

போன கூட்டத்தில் மிஸ் கருப்பாயிக்குக் கைதட்டச் சொன்னார். சனிக்கிழமை தோறும் என் வெற்றிலைப் பொட்டலம் ராஜ மரியாதையோடு போகிறது. ராவும் பகலும் அவள் கன்னம் உப்பியே இருக்கிறது.

ஜூன் 3

மழை. குழம்பில் மிளகாய் வேண்டாம் என்கிறாள். கருப்பாயியா?

ஜூலை 16

விஜயகலா டோர்ச் அடித்துத் தாயின் வாயைப் பார்த்திருக்கிறாள்.

“வெத்தலச் செவப்புல மொதல்ல ஒண்ணுமே தெரியல மாமா. கொப்புளிக்கச் சொல்லிப் பாத்தேன்.”

உள் கன்னத்தில் வெள்ளையாகப் படர்ந்து, நடுவில் புண். பொயிலை அடக்கும் இடம்.

ஜூலை 24

ரத்தினபுரி ஆஸ்பத்திரி. டொக்டர் சிங்களத்தில் கேட்க நான் பதில் சொன்னேன். சுருட்டை விட்டுவிட்டாள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். வெற்றிலையோடு பொயிலை போடுகிறாளா என்றார். ஆமாம் என்றேன், அதே பெருமையோடு.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சுருட்டு, பொயிலை ரெண்டும் ஒரே இலைதான் என்றார். இந்தப் புற்று இந்த வருஷத்தில் வந்ததில்லையாம், சுருட்டுக் காலத்திலேயே தொடங்கியதாம். பொயிலை மேலே மேலே எரித்திருக்கிறது. வெற்றிலைச் சிவப்பு மூடி வைத்திருக்கிறது. பிந்தி வந்துவிட்டீர்கள் என்றார்.

“என்னாண்ணே சொல்றாரு?”

“மருந்து இருக்காம்.”

பஸ்ஸில் திரும்பினோம். வளைவுகள் முடிந்து தோட்டத்துப் பாதை தெரிந்ததும் சொன்னாள்: “சிரிக்க வைக்கிற பொய்யின்னா நீ கைய ஆட்டி ஆட்டிச் சொல்லுவ. இன்னைக்கி சொன்ன பொய்க்குக் கைய மடியில வச்சிருந்த.”

ஜூலை 25

நான்தானே வாங்கிக் குடுத்தேன். என் கையால. சனிக்கிழமை தவறாம — புகை கூடாதுன்னுதானே சொன்னாங்க — இலையும் கூடாதுன்னு ஒருத்தராச்சும் சொன்னாங்களா — கேட்டேனா நான்? அடுப்பா இருக்குன்னு சிரிச்சேன். சிரிக்க வச்சேன். அவ பொயிலைய விட்டுட்டா, நான் கேக்காமலே. இப்ப விட்டு என்னா செய்ய?

செப்டெம்பர் 10

கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் புற்றை எரிக்கக் கரண்ட் பிடித்து அனுப்பிவிட்டார்கள். கஞ்சி மட்டும். அதுவும் பாதி வெளியே வருகிறது.

ஒக்டோபர் 22

பொயிலையும் வேண்டாம், வாயைக் காட்டுங்கள் என்று விஜயகலா லயம் லயமாகப் போய்ச் சொல்லிப் பார்க்கிறாள். கதவைச் சாத்துகிறார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வெள்ளையம்மா சொன்னதை நானே கேட்டேன்:

“சுருட்ட விட்டவளுக்குத்தானே வந்துச்சு. விடாத நமக்கு என்னா வந்துச்சு?”

அந்தப் பேச்சு தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. விட்டிருந்த பொம்பளைகளும் திரும்பப் பற்ற வைக்கிறார்கள். யார் சொன்னாரோ, கருப்பாயிக்கும் தெரிந்திருக்கிறது. பேச முடியாது. என் கையைப் பிடித்து, மகளைக் காட்டி, மேல் லயத்தைக் காட்டினாள். அவளோடு சேர்ந்து நீயும் போய்ப் பேசு என்கிறாள். நான் பேசினால் எவன் நம்புவான்? மழைக்கும் மேகத்துக்கும் கதை கட்டியவன்.

போனேன். யாரும் நம்பவில்லை.

நவம்பர் 20

கருப்பாயி போய்விட்டாள்.

டிசம்பர் 5

கருமாதி முடிந்தது. மத்தியானம் லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னேன். படையல் இலையிலிருந்த சுருட்டைக் காகம் கவ்விக்கொண்டு போய், தொரை பங்களாக் கூரையில் உட்கார்ந்து ஒரு இழுப்பு இழுத்து, இருமி, இறகெல்லாம் வெளுத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்ததாம். பிள்ளைகள் சிரித்தார்கள். விஜயகலாவும் கொஞ்சம்.

காகம் பொய். கூரை பொய். இலையில் சுருட்டு வைக்கவும் இல்லை. சுருட்டு ஒன்று படையல் வரைக்கும் வந்தது என்கிற சின்னத் துண்டு மட்டும் நிஜம்.

கொண்டு வந்தவள் வெள்ளையம்மா. செத்தவர்களுக்குப் பிடித்ததை வைப்பது வழக்கம்தானே. இலைக்குக் குனிந்தாள்.

“அம்மா அத விட்டுட்டாங்க, பெரியம்மா” என்றாள் விஜயகலா.

வெள்ளையம்மா சுருட்டும் கையுமாக நின்றாள். பிறகு அதை இடுப்பில் செருகிக்கொண்டு பீலிக்குப் போனாள். நெடுநேரம் வாயைக் கொப்புளித்தாள். வந்து வாசலில் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து, விஜயகலாவுக்கு வாயைத் திறந்து காட்டினாள்.

“நாக்குக்கு அடியிலயும் பாருடி” என்றாள்.