பக்கத்துக் கடைக்கு ஆட்சேபனை

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலேயே தூறல். கருவாடு விரிக்க முடியவில்லை. கருவாடு ஏற்றும் தம்புள்ளை லொறி நாளைக்கும் வராதாம்.

நகரசபையிலிருந்து வருமானப் பரிசோதகர் வந்தார். என் கடைக்கு அடுத்த பூட்டின கடையை ரிஸ்வானுக்குக் கொடுக்கப்போகிறார்களாம். உப்புக்குளத்துப் பிள்ளை. நேவியில் எஞ்சின் திருத்தியவன், முதுகு பழுதாகி விலகி வந்திருக்கிறான். படையை விட்டு வருபவர்களுக்குச் சபைக் கடை ஒதுக்குவதென்று புது முடிவு. இனிப் படகு எஞ்சின் திருத்தப்போகிறானாம்.

"உங்களுக்கு ஏதும் ஆட்சேபனை இருக்கோ முதலாளி?"

"எனக்கென்ன, நல்ல பிள்ளை. ஆனா பெற்றோல் மணம் கருவாட்டில ஏறினா லொறிக்காரன் திரும்பியும் பாக்கமாட்டான். எனக்காகச் சொல்லேல்லை, வரிசையில இருக்கிற எல்லாருக்காகவும்தான்."

மணம் ஏறும். பொய் இல்லை. ஆனால் அந்தக் கடைக்குள் என் கருவாட்டுச் சாக்குகள். மாரி மழைக்கு ஒழுகாத இடம் அது ஒன்றுதான். பூட்டும் என்னுடையது. இதுவரை கேட்பார் இல்லை.

வாங்க: உப்பு, நைலோன் கயிறு, மனைவி பௌசியாவுக்கு இருமல் மருந்து.

13, வியாழன்

ரிஸ்வானுக்குப் பின்வரிசையில் கொடுத்துவிட்டார்கள். மீன் கழுவும் இடத்துக்கும் அப்பால். வாகனம் போகாது, றோட்டிலிருந்து எஞ்சினைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். அந்த முதுகோடு. பரிசோதகர் என் பேச்சை இவ்வளவு மதிப்பாரென்று நினைக்கவில்லை. நினைத்தேன்.

பௌசியா சோறு போட்டுக்கொண்டே, "அந்தப் பிள்ளைக்குக் கடை கிடைச்சிட்டாம், அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிறகு மருந்து வாங்க மறந்ததற்கு ஏச்சு. நல்லது, ரிஸ்வான் விஷயத்துக்கே ஏச்சு வாங்கியது போலிருந்தது.

14, வெள்ளி

ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடும்போது ரிஸ்வான்.

"காக்கா, நாளைக்குக் கடை திறக்கிறன். முதல் வேலை நீங்கதான் தரவேணும். உங்கட கைராசி ஊருக்கே தெரியும்."

எத்தனையோ கடைகளுக்கு இப்படிப் போயிருக்கிறேன். கூப்பிட்டால் பெருமை. இன்று கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"வாறன் தம்பி."

15, சனி

மழை. பின்வரிசை முழுக்கச் சேறு. என் படகின் பழைய எஞ்சினை இரண்டு பேர் தூக்கிவர, ரிஸ்வான் முன்னால் பலகை போட்டுக்கொண்டே போனான். நிமிரும்போதெல்லாம் சுவரைப் பிடித்தான். பிஸ்மி சொல்லி எஞ்சினில் கை வைத்துக் கொடுத்தேன். பிறகு பிளேன்டீயும் தொதல் இனிப்பும்.

ஆட்கள் போனபின் சொல்லிவிட்டேன். "முன்கடை உமக்குக் கிடைக்காமப் போனது என்னால தம்பி."

"தெரியும் காக்கா. பரிசோதகர் அண்டைக்கே சொன்னவர்."

"பிறகேன் என்னைக் கூப்பிட்டனீர்?"

"நீங்க கைராசி குடுத்த கடை படுத்தா ஆருக்கு வெக்கம்? இனி நீங்களே எனக்கு ஆள் அனுப்புவீங்க." சிரித்தான்.

இத்தனை வருட வியாபாரத்தில் என்னை இப்படி ஒருவரும் மடக்கியதில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசிவிட்டு வந்திருப்பேன். நித்திரை இல்லை.

17, திங்கள்

வெயில். சாக்குகளை எடுத்து என் வாசலில் அடுக்கினேன். அடுத்த மழைக்குப் பாதி நனையும். பூட்டைக் கழற்றினேன்.

பிறகு பரிசோதகரைக் காணச் சபைக் கந்தோர். உட்காரும் வாங்கு நிறைய ஆட்கள். ரிஸ்வானுக்கு முன்கடையைக் கொடுங்கோ, எனக்கு ஆட்சேபனை இல்லை என்றேன். பரிசோதகர் தலை நிமிரவில்லை.

"என்ன முதலாளி, இப்ப மணம் ஏறாதோ?"

"ஏறும். ஆனா அண்டைக்கு நான் அதுக்காகச் சொல்லேல்லை. அந்தக் கடைக்குள்ள என்ர சாக்குகள் கிடந்தது."

பேனையை வைத்தார். வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சபைக் கடைக்குள்ளயோ? ஆரைக் கேட்டு வச்சனீங்கள்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."