சம்பந்தியின் பறக்கும் ராஜா

ஆரோக்கிய மாதா துணை

மன்னார்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரின்ஸிக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா. சம்பா நடவு முடிந்தது, வாய்க்காலில் தண்ணீருக்குக் குறைவில்லை, அம்மாவுக்கு முட்டியில்தான் வலி, வாயில் ஒரு வலியும் இல்லை.

நீ டப்ளினிலிருந்து அனுப்பிய செக்கர்ஸ் பலகையால் நம் குடும்பம் இரண்டாகப் பார்த்தது. உன் மாமனார் ஜோசப்ராஜ் ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே நம் வீட்டுக்கு ஆட வந்துவிடுவார். அதன் பெட்டிக்குள் இருந்த ஆட்ட விதித் தாளை நான் எழுத்துக்கூட்டிப் படித்து வைத்திருந்தேன். எதிர்க்கரையைத் தொட்ட காய் ராஜா ஆகும், அது முன்னேயும் பின்னேயும் போகலாம், ஆனால் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான். வெட்டுவதென்றால் பக்கத்தில் நிற்கும் காயைத் தாண்டி அடுத்த காலிக் கட்டத்தில் உட்கார வேண்டும், அங்கிருந்து இன்னொன்று சிக்கினால் அதையும் வெட்டலாம். உன் மாமனாரின் ராஜாவோ பாயின்ட் டு பாயின்ட் பஸ் மாதிரி இந்த மூலையில் புறப்பட்டு, எங்கோ நின்ற என் காயைத் தூக்கிக்கொண்டு அந்த மூலையில் போய் இறங்கும். பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தியிடம் சட்டம் பேசலாமா? வாயை மூடிக்கொண்டு வாராவாரம் தோற்றேன். சம்பந்தி எவ்வளவு நல்லா ஆடுறாங்க என்று அம்மா வேறு காபியோடு வந்து நிற்பாள். போன வாரம் பொறுக்க முடியாமல், உங்க ராஜாவுக்கு றெக்கை யாரு கட்டிவிட்டது என்று கேட்டுவிட்டேன். அவர் காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்து பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது இரண்டு தாத்தாவும் கோயிலில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதை நினைத்து எனக்குச் சோறே இறங்கவில்லை.

இன்று நானே அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே கொட்டிவிட்டார். அவர் போனில் ஆடும் ஆட்டத்தில் ராஜா அப்படித்தான் பறக்குமாம். நீங்க ராஜாவ ஒவ்வொரு கட்டமா நகத்துறதப் பாத்து, பொண்ணக் குடுத்தவர்னு வேணும்னே விட்டுக்குடுக்குறீங்கன்னு நெனச்சேன் சம்பந்தி, அதுக்கு மேல கிண்டலும் பண்ணவும்தான் எந்திரிச்சு வந்துட்டேன் என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

இனி இரண்டு பேர் ராஜாவும் பறக்கட்டும் என்று பேசி அங்கேயே ஆடினோம். ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றேன். மறுபடியும் விட்டுக்குடுக்குறீங்களா சம்பந்தி என்று முறைத்தார். ஆமாம் என்றால் அவருக்குக் கோபம், இல்லை என்றால் என் மானம் போகும். பேரனை நினைத்துக்கொண்டு, இல்லீங்க சம்பந்தி, எனக்கு ஆடத் தெரியல என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு, எனக்கு இன்னொரு டம்ளர் காபி போடச் சொன்னார்.

பிள்ளைக்குக் குல்லா போடாமல் வெளியே கொண்டுபோகாதே. மாதா உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, இன்று நான்தான் ஜெயித்தேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், போனில் கேட்டால் நீயும் அப்படியே சொல்.

உன் அப்பா,
சவரிராஜ்