சர்வரில் இரண்டு ஜாவா

மார்ச் 3
மருத்துவமனை மருந்தகத்துக்கு நாங்கள் எழுதிய மென்பொருள் இன்னும் ஜாவா நிரல்மொழியின் 8-ஆம் பதிப்பில் ஓடுகிறது. பழசு, பாதுகாப்பில்லை, 17-க்கு மாற்று என்கிறார்கள். மாற்றினேன். தொகுத்து ஓட்டிப் பார்த்தால் என் கணினியில் பச்சை, எல்லாம் சரி; சர்வரில் சிவப்பு, பிழை.
"இது முடியட்டும்மா, அன்னைக்கே உன் டிரான்ஸ்ஃபர்ல கையெழுத்துப் போடறேன்" என்கிறார் மேனேஜர். வீட்டுக்காரரும் பாப்பாவும் புது ஊருக்குப் போய், அவளை அங்கே பள்ளிக்கூடத்திலும் சேர்த்தாயிற்று. கட்டிலைக்கூட அனுப்பிவிட்ட வீட்டில் நான் மட்டும், பாயில்.

மார்ச் 5
சிவப்பு.

மார்ச் 9
முன்பு ஜாவாவோடு கூடவே வந்த ஒரு துண்டு 17-இல் இல்லை. தனியாகச் சேர்த்தேன். அந்தப் பிழை போய் அடுத்தது வந்தது.
போன் செய்தேன். "விளையாடிட்டிருக்கா" என்றார் இவர். பின்னால் பாப்பா குரல்: "நான் இல்லன்னு சொல்லுப்பா."
அது ஏன் என் காதில் விழுந்து தொலைத்தது?

மார்ச் 12
பிடிபட்டுவிட்டது. சர்வரில் இரண்டு ஜாவா. நிரலைத் தொகுப்பது 17, அதைச் சோதித்துப் பார்ப்பது 8. புதியது எழுதியதைப் பழையதால் படிக்க முடியவில்லை. அவ்வளவுதான் — நான் என் நிரலையே நோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அமைப்பில் ஒரு வரியை மாற்றியதும் பச்சை.
மேனேஜரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.
"சூப்பர்மா. அடுத்து 21-க்கும் போகணுமாம். உன்ன விட்டா யாருக்கு இது தெரியும்?"
"சரி சார்" என்றது வாய். என் வாய்தானா? கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். இத எதுக்கு நான் சரி பண்ணேன்? இனி 21, அப்புறம் இன்னொண்ணு... விடவே மாட்டாங்க.

மார்ச் 13
21-க்கு மாற்றும் வேலையைப் பழக்க, டெஸ்டிங்கில் இருக்கும் அக்காவை என் நாற்காலியில் உட்கார வைத்தேன்.
"எனக்கெதுக்கும்மா இந்த வம்பு?"
"பிழையை மட்டும் படிங்கக்கா. என்ன சொல்லுது?"
தப்பான இடத்துக்கெல்லாம் போனார். கீபோர்டைப் பிடுங்கத் துடித்த கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 17
21-இல் முதல் பச்சை. நான் ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை.
"அக்காவுக்குத் தெரியும் சார்" என்றேன். மேனேஜர் அவரைப் பார்த்தார். அக்கா, "ஆமா சார், பாத்துக்கலாம்" என்றார். டிரான்ஸ்ஃபரில் கையெழுத்துப் போடும்போது மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 22
வந்து சேர்ந்தேன். பாப்பா அப்பா காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. கோபம் நியாயம்தானே.
சாயங்காலம் ஷூவோடு வந்து என் மடிமேல் காலை நீட்டினாள், லேஸ் கட்டிவிட. அவள் அப்பா பக்கத்தில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.