மாடிப்படிக் கைப்பிடிக்கு ஒரு வரி

அன்புள்ள துணைவிக்கு, முழங்கால் வலி குறைந்ததா?

மாடிப்படிக் கைப்பிடி ஆடுவதாக வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதும்போது, "ஏங்க, 'ஃபார் யுவர் இன்ஃபர்மேஷன்'னு போடலாமா?" என்று கேட்டாய். "தாராளமா போடு, மரியாதையா இருக்கும்" என்றேன். தப்பு.

ஓய்வுக்குப் பின் வந்த இந்தக் கிடங்கு எழுத்தர் வேலையிலும், லிஃப்ட் கம்பி பிய்ந்திருப்பதை மேலாளருக்கு அப்படித்தான் எழுதினேன். நேற்று லிஃப்ட் அரை மாடி உயரத்திலிருந்து விழுந்தது. உள்ளே நான். சிராய்ப்புதான்.

"தகவலுக்குன்னுதானே எழுதினீங்க சார்? படிச்சுட்டு ஃபைல்ல வெச்சுட்டேன்" என்றார் மேலாளர்.

'நாளை விடுமுறை' மாதிரி, படித்தாலே போதும் என்கிற சேதிக்கு அந்தத் தொடர் பொருந்தும். ஆள் வந்து சரிசெய்ய வேண்டியதற்குப் பொருந்தாது.

ஒரு புட்டி தைலம் அனுப்பு. வேலைக்கு மணி அடித்துவிட்டது. நீ அந்தக் கைப்பிடியைப் பிடித்து இறங்குவதே கண்ணில் நிற்கிறது. இதைப் படித்ததும், 'உடனே சரிசெய்யுங்கள்' என்று வீட்டுச் சொந்தக்காரருக்கு மறுபடி எழுதிப் பார்.